ஏழு பேர் கேட்ட கேசட்

ஹியர், லிசன் இரண்டுக்கும் வித்தியாசம் எழுதுக என்ற கேள்வி எப்படியும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வந்துவிடும். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தோற்றவர்களுக்காகப் பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக்கூரை ட்யூட்டோரியல் நடந்தது. அங்கே பன்னிரண்டு வருஷம் நான் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கைடு புத்தகத்தில் இரண்டுக்கும் நேரே ‘கேட்டல்’ என்று ஒரே வார்த்தையைப் போட்டிருப்பார்கள். எழுதிய ஆசாமிக்கு அதோடு வேலை முடிந்தது. அதை மனப்பாடம் செய்துதான் என்னிடம் வந்தவர்கள் மறுபடி மறுபடி தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

நான் ரயிலை வைத்துச் சொல்வேன். வண்டி போகும்போது கூரையே அதிரும். அந்தச் சத்தம் யாரும் கூப்பிடாமல் காதில் வந்து விழுகிறது, அது ஹியர். அந்த இரைச்சலுக்கு நடுவே டீச்சர் என்ன சொல்கிறாள் என்று கழுத்தை நீட்டுகிறீர்களே, அது லிசன். முதலாவது காதுக்கு நடப்பது, இரண்டாவது நாம் மனசு வைத்துச் செய்வது. இதைச் சொன்னதும் பின் பெஞ்சில் இருந்த, இரண்டு பிள்ளை பெற்ற ஒரு பெண் எழுந்தாள். புருஷன் ஷார்ஜாவில் இருந்தான். “டீச்சரே, அப்பம் எங்க வீட்டில எல்லாரும் எனக்க கிட்ட ஹியர் ஆக்கும் செய்யுது,” என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு மீதி நேரம் எனக்குப் பாடம் நடத்த ஓடவில்லை.

இந்த இரண்டு வார்த்தைகளும் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அறிமுகம். என் அப்பா ஒரு முதலாளியின் தென்னந்தோப்பு மூலையில் குடிசை போட்டுக் குடியிருந்தவர். குடியிருப்பவனுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்தபோது அவரும் மனு கொடுத்தார். அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொன்ன ஆங்கில வார்த்தை ‘ஹியரிங்’. நெய்யாற்றின்கரைக்கு ஹியரிங் போகிறேன் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போவார். மனசுக்குள் எத்தனையோ சொல்லத் தயார் செய்துகொண்டு போவார். பெயரைக் கூப்பிடுவார்கள், ‘உண்டு’ என்பார், அடுத்த தேதி கொடுப்பார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ தடவையில் பட்டா கிடைத்துவிட்டது, குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசிவரை, “நான் சொல்ல வச்சிருந்தத ஒருத்தரும் கேக்கல்லியே மக்கா,” என்று அவருக்கு ஒரு ஆவலாதி இருந்தது. நிலம் கிடைத்த பிறகும் இதென்ன குறை என்று அந்த வயதில் எனக்கு எரிச்சல் வரும்.

கடிதப் பாடத்திலும் இதே ஜோடி வரும். முடிக்கும்போது உங்களிடமிருந்து ‘ஹியர்’ பண்ண ஆவலாக இருக்கிறேன் என்றுதான் எழுத வேண்டும். லிசன் என்று எழுதினால் மார்க் போய்விடும். வெள்ளைக்காரன் விவரமானவன்தான். சத்தம் வரும் என்று ஆசைப்படலாம், அடுத்தவன் மனசு வைத்துக் கேட்கவேண்டும் என்று கடிதத்தில் எழுதிக் கேட்க முடியாது.

கல்யாணமான ஐம்பதாவது நாள் என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போனார். பைப் வேலை. போய் மூன்றாம் மாதம் ஒரு போட்டோ அனுப்பினார். கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு வெளுத்த கார்மேல் கை வைத்து, தனியாக நிற்கிறார். பின்னால் வெறும் மணல். அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து, அங்கே அவருக்கு ஒரு அறை, அதில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, வேலை முடிந்து வந்து அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார் என்று நானே ஒரு வீடு கட்டி வைத்துக்கொண்டேன். ஊரில் இருந்த மற்ற பெண்களும் அவரவர் போட்டோவை வைத்து இதேபோலத்தான் கட்டியிருந்தார்கள். கார் யாருடையது என்றுகூட ஒருத்தியும் யோசிக்கவில்லை.

கடிதத்தைவிடக் கேசட்தான் எங்கள் பக்கம் பெருமை. லீவில் வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். வந்த கையோடு போட்டுவிட மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மாமியார் அலமாரியைத் திறந்து பூத்துணி போர்த்திய டேப் ரிக்கார்டரை எடுத்து நடுவில் வைப்பார். அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். கேசட்டில் என் வீட்டுக்காரர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி விசாரிப்பார். பெயர் வந்தவர் முகம் மலரும், வராதவர் முகம் கறுக்கும். என் முறை கடைசியில் வரும். “நீ ஒடம்ப நோக்கிக்க. மழையத்து நனையாத.” அத்தனை பேர் முன்னால் அதற்குமேல் ஒரு ஆம்பிளை என்ன சொல்வான்? எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன்.

பதில் பதிவு செய்வதும் அப்படியே. மாமியார் ஜெபத்தோடு தொடங்குவார். பிறகு நாத்தனார், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், யார் யாரோ பேசுவார்கள். தேங்காய் விலை வரும், யார் செத்தார் என்பது வரும். கடைசியில் மைக்கை என் பக்கம் திருப்புவார்கள். “இஞ்ச எல்லாருக்கும் சொகம். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க.” இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் பேசியது மொத்தமும் இந்த இரண்டு வாக்கியம்தான். நாற்பது பேருக்கு முன்னால் நின்று தொண்டை கிழியப் பாடம் நடத்துகிற எனக்கு, வீட்டு மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவர் முதல் லீவுக்கு வந்து போன பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது. மூன்று மாசம் கழியட்டும், அதற்குப் பிறகு கேசட்டில் சொல்லலாம் என்றார் மாமியார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நாலாம் மாதம் ஒரு மத்தியானம், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. பக்கத்தில் குடியிருந்த ஒரு நர்ஸ் ஓடி வந்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமியார் கெட்டவர் இல்லை. இரண்டு நாள் என் பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டினார். மூன்றாம் நாள் மெதுவாகச் சொன்னார். “அவன் அங்க தனிச்சுக் கெடக்கியவன். இத அறிஞ்சா எல்லாத்தயும் இட்டுட்டு வருவான். அவனுக்கு அறிவிக்கண்டாம் மக்கா.” நான் தலையாட்டினேன். அடுத்த கேசட்டில், எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, இப்போது தேவலை என்று மாமியாரே சொன்னார். மைக் என் பக்கம் வந்தது. இஞ்ச எல்லாருக்கும் சொகம் என்றேன்.

அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு என்னால் என்னையே பார்க்க முடியவில்லை. ஒரு பிள்ளை வந்து போயிருக்கிறது, அதன் தகப்பனுக்கு அது வந்ததே தெரியாது. நான் ஒருத்தி மட்டும் அதைச் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போகிறேன், வருகிறேன், மீன் கழுவுகிறேன். ஒரு ஆளாவது என்னோடு சேர்ந்து அழவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அது அவராகத்தான் இருக்கவேண்டும் என்றும் இருந்தது. கடிதம் எழுதத் தெரியாதவளா நான்? நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் லீவு விண்ணப்பம் மாதிரி வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன்.

கோட்டுகாலில் ஒரு கல்யாணம் வந்தது. தலைவலி என்று சொல்லி நான் வீட்டில் நின்றுகொண்டேன். எல்லோரும் பஸ் ஏறிய பிறகு அலமாரியைத் திறந்தேன். சாவி எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அது எனக்குத் தெரியும் என்பது மாமியாருக்குத் தெரியாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, என் காசில் வாங்கிய புதுக் கேசட்டைப் போட்டு, பதிவு செய்யும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன்.

முதல் வாக்கியமாக, “இத நீங்க தனியா இருந்து கேக்கணும்,” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வலி வந்தபோது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னேன். பிள்ளை பிறந்திருந்தால் வைக்க நினைத்த பெயரைச் சொன்னேன். அவர் முகம் மறந்துகொண்டு வருகிறது, போட்டோவில் கண்ணாடி போட்டிருப்பதால் கண் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது என்றேன். மாடி வீடு வேண்டாம், என் அப்பாவுக்குக் கிடைத்த பத்து சென்டில் ஒரு ஓட்டு வீடு போதும், வந்துவிடுங்கள் என்றேன். இடையில் கோழி கொக்கரித்தது, நான் அழுதேன், மூக்கைச் சிந்தினேன், எதையும் அழிக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்து கட்டென்று நின்றது. திருப்பிப் போட்டு மீதியைச் சொன்னேன்.

பூவாரிலிருந்து ஒருவர் மஸ்கட்டுக்குப் புறப்படுகிறார் என்று தெரிந்ததும், மாமியாரிடம் ஏதோ பரீட்சை பேப்பர் என்று பொய் சொல்லி, பஸ் ஏறிப் போய் அவர் வீட்டில் கொடுத்தேன். திரும்பி வரும்போது உடம்பு காற்றாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் கேசட் சத்தமே சரியாக விழவில்லை. பெயர்கள் வந்தன. கடைசியில் என் முறை. “நீ ஒடம்ப நோக்கிக்க. ட்யூட்டோரியலுக்கு நடந்து போகண்டாம், பஸ்ஸில போ.” அவ்வளவுதான்.

எனக்கென்று மறைத்து ஏதாவது வைத்திருப்பார் என்று நம்பினேன். வீட்டில் ஆளில்லாத நேரமெல்லாம் அந்தக் கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். என் பெயருக்கு முன்னால் ஒரு செருமல் இருந்தது. அந்தச் செருமலை மட்டும் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது அழுகையை அடக்கிய செருமலா, வெறும் சளியா? லிசன் என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை, ஆனால் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இரண்டு மாதம் கழித்து யார் மூலமாகவோ ஒரு பெரிய டேப் ரிக்கார்டர் வந்தது, இரண்டு ஸ்பீக்கர் வைத்தது. எனக்கென்று சொல்லி அனுப்பியிருந்தார். இதுதான் பதில் என்று புரிந்துகொண்டேன். என் பிள்ளைக்குப் பதில் இரண்டு ஸ்பீக்கர்.

அதற்குப் பிறகு வந்த லீவுகளில் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சொல்லவேண்டியவள் சொல்லிவிட்டேன், வாய் திறக்கவேண்டியது அவர். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், பழைய வீடு இருந்த இடத்திலேயே மாடி வீடும் எழும்பியது. சண்டை வரும்போதெல்லாம், “உங்களுக்குக் காது உண்டு, அவ்வளவுதான்,” என்பேன். அவர் எதிர்த்துப் பேசமாட்டார். குற்றமுள்ளவன் பேசமாட்டான் என்று எனக்குள்ளே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் இந்தத் தீர்ப்போடு குடும்பம் நடத்தினேன். தனியாக இருப்பதென்றால் அதுதான், மஸ்கட் தூரமெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

மாமியார் இறந்து, அவர் ஊரோடு திரும்பி வந்து ஆறேழு வருஷம் ஆன பிறகு, ஒருநாள் மாலை காஞ்சிரங்குளத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தார். மஸ்கட்டில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர். இவர் சந்தோஷத்தில் பழம்பொரி வாங்கி வருகிறேன் என்று முக்குக் கடைக்குப் போனார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். வந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

“அக்காக்க சத்தம் எனக்கு நல்லா அறியும். அந்தக் கேசட்டு நான் கேட்டதாக்கும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கேசட் என்றேன்.

“ஒரு ரூமில எட்டுப் பேரு அக்கா. கட்டிலுக்கு மேல கட்டில். பாட்டுப்பெட்டி ஒண்ணே ஒண்ணு. யாருக்குக் கேசட்டு வந்தாலும் அப்பமே போட்டு எல்லாரும் கேப்போம். எவன் வீடா இருந்தா என்ன, ஊருச் சத்தம்தானே. அண்ணன் அவிழ்த்த பார்சலில இருந்து நாங்களே எடுத்துப் போட்டோம். தனியா இருந்து கேக்கணும்ணு நீங்க சொன்னதும் நாங்க சிரிச்சோம். அண்ணன் வெக்கப்பட்டு எழும்பி வெளிய ஓடிட்டாரு. பொறவு…” அவர் டீயைக் கீழே வைத்தார். “பொறவு ஒருத்தனும் சிரிக்கல்ல. நிறுத்தவும் ஒருத்தனுக்கும் கை வரல்ல. ரெண்டு பக்கமும் ஏழு பேரும் கேட்டோம். அரிசி களையப் போனவன் பானையோட நிண்ணு அழுதான். இது அண்ணன் தானா கேக்கவேண்டியது, நம்ம வாயில இருந்து வரக்கூடாதுண்ணு எல்லாரும் பேசி வச்சோம். கேசட்ட அவருக்க தலையணைக்கு அடியில கொண்டு வச்சேன். அதுக்குப் பொறவு ரூமில ஒரு சட்டம் வந்து. பொண்டாட்டி கேசட்டுண்ணா மத்தவன் எல்லாம் வெளிய போவணும்.”

“அவர் கேட்டாரா?” என்றேன்.

“பின்ன கேக்காமலா?” என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “கேட்டிருப்பாருண்ணுதான் அக்கா நெனச்சோம்.”

பழம்பொரி வந்தது. வந்தவர் பாதி தின்று, பத்திரிகையைக் கொடுத்துவிட்டு அவசரமாக, “அப்பம் நான் வாறேன்,” என்று எழுந்துகொண்டார். கேட் சாத்துகிற சத்தம் வரும்வரை காத்திருந்தேன். பிறகு இவர் முன்னால் போய் நின்று, தனியாக இருந்து கேட்கச் சொல்லி ஒரு கேசட் அனுப்பினேனே, அதைக் கேட்டீர்களா என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போனது.

“இல்ல,” என்றார். “அந்த ரூமில மொதல்ல தனியாண்ணு ஒரு நேரம் கிடையாது. இண்ணைக்குக் கேப்போம், நாளைக்குக் கேப்போம்ணு வச்சிருந்தேன். பொறவு அவங்க வெளிய போய்த் தந்தப்பமும் எனக்குப் பயம். அம்மையப் பத்திக் கொறை பரிபவம் சொல்லியிருப்பியோண்ணு. கேட்டா அம்மையா நீயாண்ணு வந்துருமேண்ணு. பொறவு கம்பெனி மாத்தினப்போ ரூமும் மாறி, பெட்டியும் மாறி, அது எங்கயோ போச்சு. நீ கேப்பேண்ணு எத்தன வருஷம் பயந்தேன் தெரியுமா? நீ கேக்கவே இல்ல.”

இத்தனை காலம் நான் கோபப்பட்டது ஒன்றும் தெரியாத ஒரு மனுஷன்மேல். முதலில் எனக்கு ஓங்கி அறையவேண்டும் போல இருந்தது, அவரையா என்னையா என்று தெரியவில்லை. மஸ்கட்டில் யாரோ ஏழு பேருக்குத் தெரியும், அரிசி களைந்தவனுக்குத் தெரியும், தகப்பனுக்குத் தெரியாது. அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். இரண்டு பக்கம் நிறையச் சொன்னது, இப்போது நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நாலு மாசம் என்றேன். நீங்கள் போன பிறகு என்றேன். அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள், உங்களுக்காகத்தான் என்றேன். வைக்க நினைத்த பெயரைச் சொன்னேன்.

அவர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முழுக்க முடிந்ததும், “பிள்ளைய எங்க வச்சாங்க?” என்று மட்டும் கேட்டார்.

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் மாமியாரிடம் கேட்டதில்லை. நான் உள்ளறையில் படுத்துக் கிடந்தேன், வெளியே மண்வெட்டி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, வடக்கே இருந்து வந்த மாதிரி இருந்தது என்றேன்.

அவர் எழுந்து பின்வாசல் வழியாக வடக்குப் பக்கம் போனார். மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்த இடம் அது. ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு செடிகளுக்கு நடுவே இறங்கினார். இரண்டடி வைத்து நின்று, “இஞ்சயா?” என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், “எட்டி, இஞ்சயா?” என்றார். குரல் உடைந்திருந்தது.

நான் அடுக்களைப் படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, அந்த மண்வெட்டிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் என் பதிலுக்காக அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

“ஆமா, அங்கதான்,” என்றேன்.